முசுறுகளிடம் ஒரு கருத்துக்கேட்பு

அந்தக் கூட்டை முதலில் பார்த்தவர் ஒப்பந்ததாரர் குணசீலன். பார்த்தவுடன் வானத்தை அண்ணாந்து மேகங்களை ஆராய ஆரம்பித்துவிட்டார். அடுத்துப் பார்த்தவள் ஏணிப்பாறை வார்டு மெம்பர் ரோஜாமணி. ஏழு மாத வயிற்றோடு குனிய முடியாத நிலையிலும், தரையில் எதையோ தொலைத்தவள் போலத் தேடினாள். மூன்றாவதாகப் பார்த்தவன் நான், நில எடுப்புத் தாசில்தார் வெள்ளைச்சாமி. அரசுப் பணியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைவிட எதைப் பார்க்கக் கூடாது என்பதில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம். அன்றைக்கு என்னவோ நாக்கு முந்திக்கொண்டது.

“அடேயப்பா, எவ்வளவு பெரிய முசுறுக் கூடு!” என்றேன்.

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றி எரிந்திருக்கும்.

நத்தத்துக்கு மேலே மலைக்காட்டில், புதிய சாலைக்குக் கோடு பார்த்துக்கொண்டே காலையிலிருந்து நடந்து வந்திருந்தோம். வழியில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் இலைகளைச் சேர்த்து வெள்ளை இழையால் தைத்து, பறங்கிக்காய் பருமனில் கூடு கட்டியிருந்தன முசுறுகள். ஒன்றல்ல, கிளைக்கு ஒன்று. செக்கச் சிவந்த எறும்புகள் வரிசையாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. இரண்டு என் காலருக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தன.

பின்னால் வந்த பர்வீனின் தோளில் தொங்கிய பெட்டி, செய்தி வாசிப்பவரின் குரலில், “கூடு கண்டறியப்பட்டது. பதிவு செய்யப்பட்டது. நன்றி” என்றது.

“ஏம்மா, அதை அணைச்சு வச்சிருக்கக் கூடாதா?” என்றார் குணசீலன்.

“காட்டுக்குள்ள அணைக்க முடியாது சார். அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க” என்றாள் பர்வீன். பெட்டியை இயக்குவதற்காகவே அரசு எடுத்திருந்த எஞ்சினியர் பெண் அவள். “யாராச்சும் பாத்தேன்னு வாயைத் திறந்தா போதும், பதிவாயிரும். சார் திறந்துட்டாரு.”

ரோஜாமணி ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “ஏ புள்ள, நெசமாவே இது எறும்பு பேசறதைக் கேக்குமா?”

“எறும்பு எங்கக்கா பேசுது? அதுகளுக்கு வாசனைதான் பேச்சு. ஒரு வாசனைக்கு ‘வா’ன்னு அர்த்தம், இன்னொண்ணுக்கு ‘ஓடு’ன்னு அர்த்தம். மொத்தமே பத்துப் பதினஞ்சு சொல்லுதான். பெட்டி அதை மோந்து பாத்து தமிழ்ல சொல்லும். நாம சொல்ல வேண்டியதை வாசனையாத் தெளிக்கும்.”

“பதினஞ்சா? எங்க வீட்டுக்காரரு அதுல பாதிதான் பேசுவாரு.”

சிரித்தோம். ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. இந்தப் பெட்டி வந்த புதிதில், சென்னைக்கு வெளியே ஒரு கட்டுமான இடத்தில் எறும்புப் புற்று ஒன்றைப் பொக்லைன் பெயர்த்தபோது யாரோ விளையாட்டாகப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்கள். “பிள்ளைகளைத் தூக்கு, பிள்ளைகளைத் தூக்கு” என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஊரே அதைக் கேட்டு அழுதது. நானும்தான் அழுதேன், மறைப்பானேன். அழுத கையோடு ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு கூட்டைக் கண்டால் அதனிடம் முறையாகக் கருத்துக் கேட்க வேண்டும். அது சம்மதித்தால்தான் நகர்த்தலாம். மறுத்தால் அங்கே சாலையும் இல்லை, ஒன்றும் இல்லை.

“மரத்தைச் சுத்தி ரோட்டை வளைச்சுரலாமா?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் பள்ளம். விழுந்தா எலும்பு மிஞ்சாது” என்றார் குணசீலன். “அந்தப் பக்கம் எஸ்டேட். ஒரு அடி தர மாட்டேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“அங்கதான் சார் எங்க பழைய பாதையே இருந்துச்சு” என்றாள் ரோஜாமணி. “எங்க தாத்தன் காலத்துப் பாதை. ரெண்டு வருசத்துக்கு முன்ன வேலியப் போட்டு மறிச்சுட்டாரு. இப்ப பாறையச் சுத்தித்தான் ஏறி எறங்குறோம்.”

போன வருடம் அவளுக்கு வலி எடுத்தபோது, புடவையில் தொட்டில் கட்டி மூங்கிலில் மாட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். வேலியைச் சுற்றி அந்தப் பாறையில் கால் வைத்துக் கால் வைத்து இறங்குவதற்குள் குழந்தை பாதி வழியிலேயே பிறந்து, அங்கேயே மூச்சை விட்டுவிட்டது. இதையெல்லாம் அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. குணசீலன்தான் தாழ்ந்த குரலில் என் காதருகே சொன்னார். சொல்லிவிட்டு, “மழைக்கு முன்ன வேலையத் தொடங்கலேன்னா இந்த ரோடு வேற மாவட்டத்துக்குப் போயிரும் சார்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு என் நாக்கின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வாரம் கருத்துக்கேட்புக் கூட்டம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எறும்புக்கான கூட்ட விதிகளை எழுதியவர்கள் யோசிக்கச் சோம்பல்பட்டு, மனிதர்களுக்கான விதிகளை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆகவே நாவல் மரத்தடியில் ஷாமியானா போட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், தண்ணீர் பாட்டில், டீ, பிஸ்கட் எல்லாம் வந்தன. ‘கூட்டினர் அனைவரும் வருக’ என்று ஒரு பேனரும் கட்டினோம். இத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு பாதையில்லாத மலையில் ஏற்றியவர்கள் ஏணிப்பாறை ஜனங்கள்தான்.

ஊரே திரண்டு வந்திருந்தது. பெண்கள் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். இத்தனை பெரிய கூட்டத்தை அவர்கள் பார்த்ததே இல்லையாம். அவர்களைக் கேட்டு இதுவரை எந்தக் கூட்டமும் நடந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எறும்பிடம் ‘சம்மதமா’ என்று கேட்க வார்த்தை கிடையாது. அதனால் பர்வீன் இரண்டு வாசனைத் தடங்களைத் தெளித்தாள். ஒன்று நாவல் மரத்தையே சுற்றி வருவது. இன்னொன்று, கொஞ்சம் தள்ளி அரசு ஒதுக்கியிருந்த மாமரத்துக்குப் போவது. ‘மறுவாழ்வு மரம்’ என்று அதற்குப் பெயர். பொழுது சாயும்போது எந்த மரத்தில் கூட்டம் அதிகமோ அதுதான் தீர்ப்பு.

மாமரத்தின் அருகே போனபோது எனக்குப் பசி எடுத்தது. அடிமரம் முழுக்க நெத்திலிக் கருவாட்டை அரைத்துப் பூசியிருந்தார்கள். கிளையிலெல்லாம் துண்டு துண்டாகச் செருகியும் வைத்திருந்தார்கள். ரோஜாமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பேனரை மிக அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மோந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பத்து மணி வாக்கில் முசுறுகள் புறப்பட்டன. முதலில் ஒன்றிரண்டாகப் போய் மாமரத்தைத் தொட்டுப் பார்த்தன. அப்புறம் வரிசை தடித்துச் சிவப்புக் கயிறாக நீண்டது.

“உணவு. வா. உணவு. வா” என்றது பெட்டி.

ஊர் விசிலடித்தது. பிள்ளைகள் குதித்தார்கள். குணசீலன் யாருக்கோ போன் போட்டு, ஜேசிபியைக் கீழே தயாராக நிறுத்தச் சொன்னார். ரோஜாமணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அழகான சிரிப்பு.

மத்தியானம் வரிசை திரும்பியது. ஆளுக்கொரு துண்டு நெத்திலியை வாயில் கவ்விக்கொண்டு, பெரிய துண்டென்றால் நாலைந்து சேர்ந்து தூக்கிக்கொண்டு, முசுறுகள் வந்த வழியே நாவல் மரத்துக்குப் போயின.

“வீடு. வீடு. வீடு” என்றது பெட்டி.

பொழுது சாய்ந்தபோது மாமரத்தில் கருவாடும் இல்லை, ஓர் எறும்பும் இல்லை. பூசியதைக்கூடச் சுரண்டி எடுத்துப் போயிருந்தன.

குணசீலன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டு, போட வேண்டிய எடத்துல போட்டுருச்சுக சார். அசல் நம்ம ஜனங்கதான் இதுக.”

“கூடு இடம்பெயர மறுக்கிறது” என்றது பெட்டி. “கூட்டம் நிறைவுற்றது. நன்றி, வணக்கம்.”

யாரும் எழுந்து போகவில்லை. நாற்காலிகளை மடக்க வந்த ஆட்கள்கூட நின்றுவிட்டார்கள். ரோஜாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதுகளை நான் குத்தம் சொல்லல சார்” என்றாள். “அதுக வீடு. கேட்டீங்க, மாட்டேன்னு சொல்லிருச்சுக. ரைட்டு. எங்களை எப்ப சார் கேட்டீங்க? எறும்புகிட்ட கேக்கறதுக்கு லட்ச ரூவாயில பெட்டி வேணும். எங்ககிட்ட கேக்க ஒரு காது போதும். அது ஒங்ககிட்ட ரெண்டு இருக்கே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் சர்வீஸில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதையெல்லாம் அன்றன்றைக்கே உதறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். இது உதற முடியாததாக இருந்தது.

அவள் பர்வீன் பக்கம் திரும்பினாள். “ஏ புள்ள, இதுக போற தடத்துல எவனாச்சும் வேலியப் போட்டா என்னா செய்வீங்க?”

“போடவே கூடாதுக்கா. பழகின தடத்தை யாரும் மறிக்க முடியாது. மறிச்சா கவர்மெண்டே வேலியப் பிரிச்சு, தடத்தைப் புதுசாப் போட்டுத் தரணும். அதுக தூக்கிட்டுப் போற பெரிய சுமை எதுவோ, அது போற அகலத்துக்கு.”

“எத்தனை நாள்ல?”

“ஒரு மாசத்துல. எறும்புக்கு ஆயுசு கம்மியில்ல? அதனால இந்தக் கேசுக்கு வாய்தாவே கெடையாது.”

ரோஜாமணி என்னைப் பார்த்து, “சார், கூடுன்னா என்னான்னு சட்டத்துல எழுதியிருப்பாங்கல்ல? செத்த படிங்க” என்றாள்.

போனில் எடுத்து மைக்கிலேயே படித்தேன். “‘கூடு என்பது ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்து, பழகிய ஒரே தடத்தில் இரை தேடிச் சென்று, ஒரே மணத்தால் ஒன்றையொன்று அறியும் சிற்றுயிர்களின் தொகுதி.’”

“சிற்றுயிருன்னா?”

“‘அரசை நேரில் அணுகித் தன் குறையைத் தானே சொல்ல வழியில்லாத எந்த உயிரும்.’”

படித்து முடித்ததும் நானே இன்னொரு தடவை படித்தேன். கால் எத்தனை இருக்க வேண்டும் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. சட்டம் எழுதியவர்களின் சோம்பலைப் பற்றி முன்பு குறையாகச் சொன்னேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

“மனு குடுக்கறதுக்கு திங்கக்கெழம காலையில நாங்க எறங்குனா, கலெக்டர் ஆபீசு போய்ச் சேர செவ்வாக்கெழம ஆயிரும் சார்” என்றாள் ரோஜாமணி. “செவ்வாக்கெழம மனு வாங்க மாட்டாய்ங்க. எங்களுக்கு வழி இருக்குன்னு சொல்லுவீங்களா, இல்லைன்னு சொல்லுவீங்களா?”

“மெம்பர், வெளையாடாதீங்க” என்றார் குணசீலன்.

“நான் வெளையாடல. அந்தப் பெட்டிய இங்கிட்டுத் திருப்பச் சொல்லுங்க.”

பர்வீன் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. “திருப்பும்மா” என்றேன். நாக்கு மறுபடியும் முந்திக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை அதன் மேல் கோபம் வரவில்லை.

ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியின் முன் கையை நீட்டினார்கள். ஒரே ஊற்றுத் தண்ணீர், ஒரே விறகுப் புகை, மிளகுக் கொடியில் வேலை செய்த ஒரே பிசுக்கு. பெட்டி ஒவ்வொரு கையையும் மோந்து, “நம்மவர், நம்மவர்” என்றது. கைப்பிள்ளைகளின் உள்ளங்கால்களைக் காட்டினார்கள். அவர்களும் நம்மவர்தான். ஒரு ஆசையில் நானும் கையை நீட்டினேன்.

“அந்நியன்” என்றது பெட்டி. ஊரே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் அது, “கூடு கண்டறியப்பட்டது. பதிவு செய்யப்பட்டது. நன்றி” என்றது. நாவல் மரத்து முசுறுகள் அதைக் கேட்டு எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. நெத்திலி தின்ற மயக்கத்தில் இருந்திருக்கும்.

வேலியைப் பிரிக்கும் வழக்கு பத்தே நாளில் கோர்ட்டுக்கு வந்தது. எஸ்டேட் முதலாளி மதுரையிலிருந்து பெரிய வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். வக்கீல் எழுந்து, மேசையைத் தட்டி, உணர்ச்சிவசப்பட்ட குரலில், “கனம் நீதிபதி அவர்களே, இவர்கள் மனிதர்கள்!” என்றார்.

ஏணிப்பாறைக்காரர்களை மனிதர்கள் என்று ஓர் அரசு இடத்தில் ஒருவர் வாதாடியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவர்கள் வழியை அடைப்பதற்காக.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த விஷயம் வேலி போடறப்ப உங்க கட்சிக்காரருக்குத் தெரியாதா?” என்று கேட்டார். வக்கீல் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். அடுத்து, இந்தக் கூடு தூக்கிச் செல்லும் பெரிய சுமை எது என்று கேட்டார். தொட்டிலும் அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருபுறமும் நாலு ஆட்களும் என்று ரோஜாமணி எழுந்து சொன்னாள். நீதிபதி அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் எழுதினார்.

வேலி பிரிந்தது. தொட்டிலும் ஆட்களும் தாராளமாகப் போகிற அகலம் என்றால் ஒரு வண்டி போகிற அகலம்தான். பழைய பாதையின் மேலேயே, எஸ்டேட் ஓரமாகத் தார் ரோடு ஏறியது. குணசீலன் மழைக்கு இரண்டு நாள் முன்பாக வேலையை முடித்தார். நாவல் மரத்தில் ஒரு இலை உதிரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோஜாமணிக்கு வலி எடுத்த அன்று ரோட்டைச் சரிபார்க்க நானும் அங்கே இருந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு நாங்க இல்லைங்க, வேற வண்டி வரும்” என்று வைத்துவிட்டார்கள். ஐயோ, மறுபடியுமா என்றிருந்தது எனக்கு. தொட்டிலுக்குப் புடவையை எடுக்கக்கூட ஒருத்தி உள்ளே ஓடினாள்.

கால் மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது. பச்சை வண்டி. பக்கவாட்டில் ஓர் எறும்பு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ‘சிற்றுயிர் மீட்பு ஊர்தி’. உள்ளேயிருந்து இறங்கிய டாக்டர் பெண் கையில் ஒரு சின்ன இடுக்கியும் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியும் வைத்திருந்தாள். ரோஜாமணியைப் பார்த்ததும் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“அம்மா, நான் மாட்டு டாக்டர்ம்மா” என்றாள் அழாத குறையாக.

ரோஜாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “மாட்டுக்குப் பிரசவம் பாத்திருக்கியா?”

“அது நெறைய பாத்திருக்கேன்.”

“பொழைச்சுச்சா?”

“எல்லாம் பொழைச்சுச்சு. ஒண்ணு ரெண்டைத் தவிர.”

“அப்ப ஏத்துடி.”

நத்தம் ஆஸ்பத்திரி வாசலில் பெண் குழந்தை பிறந்தது. மாட்டு டாக்டர்தான் கையில் வாங்கினாளாம். குழந்தையைவிட அவள்தான் அதிகமாக அழுதாள் என்று சொன்னார்கள்.

இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய், அரசுக்குத் தலைகுனிவாகிவிட்டது. ஏணிப்பாறையை மறுபடியும் மனிதர்கள் வாழும் ஊராக மாற்றுவதென்று முடிவெடுத்தார்கள். சட்டப்படி கூட்டின் சம்மதம் வேண்டும் அல்லவா? கேட்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். இந்த முறை ஜீப்பிலேயே மேலே போய் இறங்கினேன்.

ரோஜாமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீ கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். இனி எறும்பு வண்டி வராது, வாக்காளர் பட்டியலில் பழையபடி பெயர் வரும், கௌரவமாக இருக்கலாம் என்றெல்லாம் விளக்கினேன்.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். “மனுசங்களா மாறுனா, ரோடு எங்களுக்கேதான?”

“எஸ்டேட்காரர் அப்பீல் போவாரு. மனுசங்கன்னா வாய்தா உண்டு. கொஞ்ச வருசம் ஆகும்” என்றேன்.

“கூப்பிட்டா கால் மணி நேரத்துல வண்டி வருமா?”

நான் டீயைப் பார்த்தேன்.

“ஏதாச்சும் கட்டறதுன்னா, மொதல்ல எங்களைக் கேப்பீங்களா?”

பொய் சொல்லலாம், பழக்கமும் இருக்கிறது. அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல வரவில்லை.

ரோஜாமணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “அப்ப இன்னும் கொஞ்ச காலம் எறும்பாவே இருந்துக்கறோம் சார்” என்றாள். “மனுசங்க நெலைமை சரியானதும் சொல்லி அனுப்புங்க, மாறிக்கறோம்.”